பெயர் வரிசையில் ஃபைல்கள்: ஒரு ஷெல் பாடம்

"கம்ப்யூட்டர் பற்றி நம் பத்திரிகையில் ஒரு பாடம் எழுதுங்களேன், பிள்ளைகளுக்கும் உபயோகமாக இருக்கும்" என்று ஆசிரியர் மூன்று இதழ்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் சாக்குச் சொல்லி வந்தேன். சோம்பல் மட்டும் காரணம் அல்ல. எனக்குத் தெரிந்ததை எழுதப் புகுந்தால் நான் செய்த ஒரு தவறையும் சேர்த்து எழுத வேண்டி வரும். சங்கத்தின் பழைய உறுப்பினர் படிவங்களில் பதினைந்தை அழித்தவன் நான்தான். செயற்குழுவில் இருப்பவர்களுக்கு இது தெரியும். மற்ற அன்பர்களுக்கும் தெரிவதுதான் நியாயம்.

நான் டெல்லிக்கு வந்தது 1979ல். 1991ல் எங்கள் அலுவலகத்துக்கு யூனிக்ஸ் மெஷின் வந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது, படம் கிடையாது. எதுவானாலும் தட்டச்சு செய்துதான் சொல்ல வேண்டும். நாம் தட்டும் கட்டளையை வாங்கி, மெஷினுக்குள் இருக்கும் இயங்குதளத்திடம் சொல்லி, பதிலைக் கொண்டுவந்து தருகிற ஏஜெண்டுக்குத்தான் ஷெல் என்று பெயர். ஸ்டீபன் பார்ன் எழுதிய ஷெல் 1979ல் வெளிவந்தது. அதே வழியில் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் என்ற ஷெல் 1989ல் வந்தது. இன்றும் லினக்ஸ் மெஷின்களில் பெரும்பாலும் அதுதான். மேக் வைத்திருப்பவர்கள் டெர்மினல் என்று தேடினால் கிடைக்கும். விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல் என்பதை நிறுவிக்கொண்டால் லினக்ஸே உள்ளே வந்துவிடும்.

கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டாமல் வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி வைத்து, மொத்தமாக ஓட விட்டால் அது ஷெல் ஸ்கிரிப்ட். சமையல்காரர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லாமல், எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போகிற மாதிரி. சீட்டில் தப்பாக எழுதியிருந்தால் நல்ல சமையல்காரர் "இது சரியா?" என்று கேட்பார். ஷெல் கேட்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஒரு குறிப்பு. இங்கே ஆங்கில எழுத்தைக் கலக்காமல் கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன். எல்எஸ் என்றால் எல், எஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சின்ன எழுத்துகளைத் தட்ட வேண்டும் என்று பொருள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் சங்க நூலக அறையில் ஒரு பச்சை பீரோ உண்டு. 1968 முதல் 1989 வரை சேர்ந்தவர்களின் உறுப்பினர் படிவங்கள் அதில்தான் இருந்தன. 2023 மழையில் சுவர் ஓதம் ஏறி, கீழ்த் தட்டில் கரையானும் வந்துவிட்டது. இளைஞர் அணியில் இரண்டு பிள்ளைகள் ஒரு வாரம் உட்கார்ந்து, பிரிக்க முடிந்த படிவங்களை எல்லாம் செல்போனில் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் படிவத்தில் உள்ளபடியே பெயரும் வருடமும் இட்டார்கள். மொத்தம் 412 படங்கள். பையன் அந்த எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதியும் வைத்தான். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்து, "அங்கிள், இதைப் பெயர்வாரியா அடுக்கித் தர முடியுமா?" என்று கேட்டான். ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் பத்து நிமிஷம் என்றேன். தீபாவளிக்கு முன் அறையைச் சுத்தம் செய்தபோது, நைந்துபோன காகிதங்களைக் கபாடிவாலா எடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பெயர்வாரியாக அடுக்குவது என்றால் என்ன? நமக்கு அது வெகு சாதாரணம். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். 1963ல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி என்ற பட்டியல்தான் இதற்கு அடிப்படை. அதில் இடைவெளிக்கு 32. சிறு கோட்டுக்கு 45. பூஜ்யம் முதல் ஒன்பது வரையான இலக்கங்களுக்கு 48 முதல் 57. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு 65 முதல் 90. சின்ன எழுத்துகளுக்கு 97 முதல் 122. அடுக்கச் சொன்னால் மெஷின் இந்த எண்களை ஒப்பிட்டு, சிறியதை முன்னால் வைக்கும்.

இதனால் வரும் வேடிக்கைகளைப் பாருங்கள். ஆனந்த் என்ற பெயரைச் சின்ன 'ஏ'யில் ஆரம்பித்து எழுதி, ஜுபைதா என்ற பெயரைப் பெரிய 'இசட்'டில் ஆரம்பித்து எழுதினால் ஜுபைதா முன்னால் வருவார். பெரிய இசட் 90, சின்ன ஏ 97. மெஷின் அதன் கணக்கில் செய்தது சரிதான்.

இலக்கங்களிலும் இதே கதை. 1, 2, 10, 11 என்று நான்கு ஃபைல்கள் இருந்தால் ஷெல்லில் 1, 10, 11, 2 என்று வரும். முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும். ஒன்றில் தொடங்குபவை எல்லாம் முடிந்த பிறகுதான் இரண்டு. விண்டோஸில் 2001ல் எக்ஸ்பி வந்ததிலிருந்து ஃபோல்டரைத் திறந்தால் 2க்குப் பிறகு 10 என்று ஒழுங்காகக் காட்டும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் ஷெல்லுக்கு வந்ததும் ஏமாந்துபோவார்கள். சார்ட் என்ற கட்டளையோடு 'மைனஸ் என்' சேர்த்தால் இலக்கத்தை இலக்கமாகவே பார்த்து அடுக்கும் என்பது உண்மை. ஆனாலும் பெயரிடும்போதே 0001, 0002, 0010 என்று பூஜ்யம் சேர்த்து ஒரே நீளத்தில் எழுதிவிடுவதுதான் என் சிபாரிசு. எந்த மெஷினுக்கு எடுத்துப் போனாலும் வரிசை மாறாது. தேதியும் அப்படியே. 14-8-71 என்று எழுதினால் எல்லா வருடத்து 14ஆம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். 1971-08-14 என்று வருடத்தை முன்னால் எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகவும் ஆகிவிடும்.

இன்னொன்று. ஒரே பட்டியல் என் மெஷினில் ஒரு விதமாகவும் பையனின் மெஷினில் வேறு விதமாகவும் வந்தது. எந்த மொழி, எந்த நாட்டு வழக்கம் என்று ஒவ்வொரு மெஷினிலும் ஓர் அமைப்பு இருக்கிறது, லொகேல் என்பார்கள். இந்திய ஆங்கிலம் என்று அமைத்திருந்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை அநேகமாக விட்டுவிட்டு அகராதி மாதிரி அடுக்கும். கட்டளைக்கு முன்னால் 'எல்சி அடிக்கோடு ஆல் சமக்குறி சி' என்று எழுதினால் வழக்கமெல்லாம் போய் வெறும் எண் வரிசைக்கு வந்துவிடும். எல்சி, ஆல், சி மூன்றும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் முதல் வரியிலேயே இதை அமைத்துவிடுவது நல்லது.

மெஷினின் வேடிக்கைகள் இவ்வளவுதான். நம்முடைய வேடிக்கை இதைவிடப் பெரிது. டெல்லித் தமிழர்களின் பெயர்களைப் பெயர்வாரியாக அடுக்கிப் பாருங்கள், தெரியும்.

ஊரில் இனிஷியல் முன்னால், பெயர் பின்னால். கே. சுந்தரம், வி. சுந்தரம், எஸ். லட்சுமி. அப்படியே ஃபைலுக்கும் பெயர் வைத்தால் மெஷின் இனிஷியலில்தான் அடுக்கும். சுந்தரங்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். இங்கே வந்த பிறகு பள்ளிக்கூடத்தில், பாஸ்போர்ட்டில், வங்கியில் எல்லாம் "சர்நேம் என்ன?" என்று கேட்டார்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பா பெயரை எழுதினோம். ஆகவே அப்பா வி. கிருஷ்ணன், பையன் சுரேஷ் கிருஷ்ணன், மருமகள் பிரியா சுரேஷ். ஒரே வீடு, ஒரே சமையல், மூன்று எழுத்தில் மூன்று ஃபைல்!

ஸ்பெல்லிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊரில் கீதா என்ற பெயருக்குக் கடைசியில் டி, எச், ஏ என்று எழுதுவோம். இங்கே குமாஸ்தா எச்சை எடுத்துவிட்டு எழுதுவார். லட்சுமிக்கு கே, எஸ், எச் போடுபவர்கள் உண்டு. ஒரே ஓர் எக்ஸோடு முடிப்பவர்களும் உண்டு. சுப்ரமணியத்தில் பி-க்குப் பிறகு எச் உண்டா, நடுவில் ஐயா ஒய்யா, கடைசியில் என்னா எம்மா என்று எத்தனையோ வகை. 1971ல் படிவம் எழுதியபோது ஒரு விதமாகவும் 1984ல் புதுப்பித்தபோது வேறு விதமாகவும் எழுதியவர்கள் இருக்கிறார்கள். எந்த ஷெல்லாலும் இவர் அவர்தான் என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்கு உட்கார்ந்து விசாரிக்கிற மனிதர்தான் வேண்டும். நம் சங்கத்தில் அப்படி இருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், சுந்தரம் என்றே வைத்துக்கொள்வோம்.

பிள்ளைகள் ஃபைலுக்கு 'கே சுந்தரம் 1971' என்ற மாதிரி பெயர் வைத்திருந்தார்கள். இனிஷியல், இடைவெளி, பெயர், இடைவெளி, வருடம். சுந்தரங்கள் எல்லாம் ஒன்றாக வர வேண்டும் என்று முன்னால் இருந்த இனிஷியலை வெட்டிவிட முடிவு செய்தேன். கட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. இடைவெளியில் துண்டு துண்டாக வெட்டி, இரண்டாவது துண்டிலிருந்து கடைசி வரை கொடு என்றால் கொடுக்கும். அந்தப் புதுப் பெயருக்கு ஃபைலை மாற்ற எம்வி என்ற கட்டளை, மூவ் என்பதன் சுருக்கம். இரண்டையும் ஒரு வளையத்தில் போட்டு 412 படங்களுக்கும் ஓட விட்டேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை. ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. காபி குடிக்கப் போய்விட்டேன்.

கே சுந்தரம் 1971 என்பதில் கே-யை எடுத்தால் சுந்தரம் 1971. வி சுந்தரம் 1971 என்பதில் வி-யை எடுத்தாலும் சுந்தரம் 1971. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க முடியாது. அப்போது எம்வி என்ன செய்யும்? கேட்காது. ஏற்கெனவே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக வந்ததை அங்கே வைக்கும். குப்பைத் தொட்டிக்கும் அனுப்பாது. யூனிக்ஸ் பரம்பரையில் வேலை சரியாக நடந்தால் மெஷின் வாயைத் திறக்கக் கூடாது என்பது மரபு. அதன் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. வளையம் அகரவரிசையில்தான் சுற்றும். ஆகவே கே முதலில் போனார், பின்னால் வந்த வி அவர் இடத்தில் உட்கார்ந்தார்.

மூன்று வாரம் எனக்கு ஒன்றும் தெரியாது. நொய்டாவிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அவர் அப்பா நம் சங்கத்தில் 1971ல் சேர்ந்தவர், காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. "படிவத்துல ஒட்டின ஃபோட்டோ வேணும் அங்கிள். டெல்லிக்கு வந்த புதுசுல எடுத்தது. அந்த வயசுல அப்பா எப்படி இருந்தார்னு எங்ககிட்ட ஒரு படம்கூட இல்ல" என்றார். இதோ ஒரு நிமிஷம் என்று சொல்லி, சுந்தரம் 1971ஐ எடுத்து அனுப்பினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். "இது எங்க அப்பா இல்ல அங்கிள்."

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். 397 இருந்தது. பையன் நோட்டில் 412. பதினைந்து பேரைக் காணோம். பதிவேட்டை வைத்துக்கொண்டு சரிபார்த்ததில், ஒரே வருடத்தில் சேர்ந்த ஒரே பெயர்க்காரர்கள் பதின்மூன்று இடங்களில் மோதியிருந்தார்கள். பதினோரு இடத்தில் இரண்டிரண்டு பேர், இரண்டு இடத்தில் மும்மூன்று பேர். பையனின் செல்போனில் அழிக்காமல் விட்டிருந்த படங்களிலிருந்து ஒன்பது கிடைத்தன. ஆறு கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா அந்த ஆறில் ஒருவர். போனில் சொல்ல மனம் வரவில்லை. மெட்ரோ பிடித்து நொய்டாவுக்கு நேரில் போய்ச் சொன்னேன். காபி கொடுத்தார். அவர் ஒன்றும் சொல்லாததே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எப்படிச் செய்திருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். இப்போது சங்கத்தில் இப்படித்தான் செய்கிறோம். நேயர்கள் வீட்டில் இருக்கும் கல்யாணப் படங்களுக்கும், பிள்ளைகளின் மார்க் ஷீட்டுகளுக்கும், வீட்டுக் கடன் காகிதங்களுக்கும் இதே வழி பொருந்தும்.

முதலில் நகல். கைவசம் ஒரே பிரதிதான் என்றால் அதில் ஸ்கிரிப்டை ஓட்டவே கூடாது. 'சிபி மைனஸ் ஆர்' என்று ஒரு கட்டளை, ஃபோல்டரை அப்படியே இன்னொன்றாக நகல் எடுக்கும். மூலத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. எல்எஸ் என்று தட்டினால் ஃபோல்டரில் உள்ள பெயர்களைப் பட்டியல் போடும். அதன் பின்னால் ஒரு செங்குத்துக் கோடு போட்டு 'டபிள்யூசி மைனஸ் எல்' என்று தட்டினால் பட்டியலில் எத்தனை வரி என்று எண்ணிச் சொல்லும். அந்தச் செங்குத்துக் கோட்டுக்குப் பைப் என்று பெயர். ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குக் குழாய் வழியே அனுப்புகிறது. 1973ல் டக் மெக்கில்ராய் என்பவரின் யோசனைப்படி யூனிக்ஸில் வந்தது. யூனிக்ஸில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். வேலைக்கு முன் ஒருமுறை எண்ணுங்கள், பின் ஒருமுறை எண்ணுங்கள். இதைச் செய்திருந்தால் அன்றைக்கே காபி ஆறுவதற்குள் தெரிந்திருக்கும்.

மோதல் வருமா என்பதை வேலைக்கு முன்பே பார்க்கவும் வழி இருக்கிறது. எல்எஸ் பட்டியலைக் குழாய் வழியாகக் கட்டுக்கு அனுப்பி இனிஷியலை வெட்டுங்கள். ஃபைல் எதுவும் மாறாது, திரையில் பெயர்கள் மட்டும் வரும். அதை சார்ட்டுக்கு அனுப்புங்கள். அதன் விடையை யூனிக் என்ற கட்டளைக்கு அனுப்புங்கள் (யு, என், ஐ, கியூ என்று நான்கே எழுத்து), கூடவே 'மைனஸ் டி' சேர்த்து. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வரும் பெயர்களை மட்டும் அது காட்டும். யூனிக் அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும், அதனால்தான் முன்னால் சார்ட் வேண்டும். ஒரே ஒரு வரிக் கட்டளை. அன்று தட்டியிருந்தால் அந்தப் பதின்மூன்று பெயர்களும் என் கண் முன்னால் வந்திருக்கும்.

பெயரிடும் முறையையும் மாற்றினோம். இப்போது பெயர், இனிஷியல், வருடம், உறுப்பினர் எண் என்ற வரிசை. சுந்தரம்-கே-1971-0042. எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, நடுவில் சிறு கோடு, எங்கும் இடைவெளி கிடையாது. உறுப்பினர் எண் ஒருவருக்கு ஒன்றுதான் என்பதால் இரண்டு பேர் மோதவே முடியாது. நம் எண்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டதால் நான்கு இலக்கம். சிறு கோட்டுக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. அதன் எண் 45, எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் கீழே. ஆகவே ராஜா என்பவர் ராஜனுக்கு முன்னால் ஒழுங்காக வந்து நிற்பார்.

இப்போது ஸ்கிரிப்ட். பெயரின் முதல் எழுத்துக்கு ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, ஃபைலை அதில் வைக்க வேண்டும். மொத்தம் ஆறே வரி. முதல் வரி, 'ஃபார் எஃப் இன்' என்று எழுதி நட்சத்திரக் குறி, புள்ளி, ஜேபிஜி. ஜேபிஜி என்று முடியும் ஒவ்வொரு ஃபைலையும் எடுத்து எஃப் என்று கூப்பிடு என்று பொருள். இரண்டாவது வரி 'டூ', செய் என்று. மூன்றாவது வரியில் எஃப்பின் முதல் எழுத்தை வெட்டி எடுக்கிறோம். 'எக்கோ டாலர்எஃப்', குழாய், 'கட் மைனஸ் சி1'. இதை டாலர் குறி போட்ட அடைப்புக்குள் வைத்து, எல் சமக்குறி என்று முன்னால் எழுதினால் விடை எல் என்ற பெயரில் நிற்கும். நான்காவது, 'எம்கேடிஐஆர் மைனஸ் பி டாலர்எல்'. அந்த எழுத்துக்கு ஃபோல்டர் இல்லாவிட்டால் உண்டாக்கும், இருந்தால் சும்மா இருக்கும். ஐந்தாவது, 'எம்வி மைனஸ் என் டாலர்எஃப் டாலர்எல்' என்று எழுதி ஒரு சாய்கோடு. ஆறாவது 'டன்', முடிந்தது.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். டாலர்எஃப், டாலர்எல் வரும் இடங்களில் எல்லாம் இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் பெயருக்குள் இடைவெளி வந்தால் ஷெல் அதை இரண்டு ஃபைலாக எடுத்துக்கொண்டு, கே என்ற ஃபைல் எங்கே, சுந்தரம் என்ற ஃபைல் எங்கே என்று தேடும். இரண்டாவது, எம்விக்குப் பின்னால் இருக்கும் 'மைனஸ் என்'. அங்கே அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் தொடாதே என்று அர்த்தம். மோதுகிற ஃபைல் பழைய இடத்திலேயே நிற்கும். எல்லாம் முடிந்த பிறகு எல்எஸ் தட்டுங்கள். யாராவது மிச்சம் நின்றால் அவர்தான் விசாரிக்கப்பட வேண்டியவர்.

நேரே ஓட்டியும் விடாதீர்கள். முதல் தடவை நான்காவது, ஐந்தாவது வரிகளின் முன்னால் எக்கோ என்ற சொல்லைச் சேருங்கள். அப்போது ஷெல் எதையும் செய்யாது, செய்யப்போவதை மட்டும் திரையில் எழுதிக் காட்டும். கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் புரூஃப் பார்ப்பதைப் போல. ஒரு இருபது வரியாவது நிதானமாகப் படியுங்கள். சரியாக இருந்தால் எக்கோவை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

தமிழிலேயே பெயர் வைத்தால் என்ன என்று நூலகப் பொறுப்பாளர் கேட்டார். தாராளமாக வைக்கலாம், ஷெல் தமிழையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வரிசையில் ஒரு சிக்கல் இருக்கிறது. யூனிகோடில் இந்திய மொழிகளுக்கு எண் கொடுத்தபோது இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றி எல்லா மொழிகளுக்கும் ஒரே மாதிரிக் கட்டம் போட்டார்கள். அந்தக் கட்டத்தில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்குப் பிறகு ள, ழ, அதற்கும் பிறகுதான் வ. ஜ போய் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆய்த எழுத்து அகரத்துக்கும் முன்னால்! நம் பாட்டிமார் சொல்லிக் கொடுத்த ய ர ல வ ழ ள ற ன இதில் கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல் புள்ளி. நம் அகராதியில் மெய்யெழுத்து முதலில், பிறகுதான் உயிர்மெய். கண்ணன் முன்னால், கணேசன் பின்னால். அம்மு முன்னால், அமுதா பின்னால். யூனிகோடிலோ புள்ளியின் எண் எல்லா உயிர்க் குறிகளுக்கும் மேலே. வெறும் எண் வரிசையில் அடுக்கினால் கணேசன் முந்திக்கொள்வார், அமுதாவும் முந்திக்கொள்வார். எண் என்பது அடையாளம்தான், வரிசை அல்ல. ஒவ்வொரு மொழிக்கும் உரிய வரிசைப் பட்டியல் தனியாக இருக்கிறது. லொகேலைத் தமிழுக்கு மாற்றி சார்ட் செய்தால் அந்தப் பட்டியலைப் பார்த்து அடுக்கும். உங்கள் மெஷினில் அது சரியாக அமைந்திருக்கிறதா என்று அறிய கண்ணன், கணேசன், அம்மு, அமுதா, ஜானகி, வள்ளி என்று ஆறு பெயரை ஒரு ஃபைலில் எழுதி சார்ட் செய்து பாருங்கள். அம்மு, அமுதா, கண்ணன், கணேசன், வள்ளி, ஜானகி என்று வந்தால் சரி. மேலே சொன்ன கட்டையும் தமிழில் நம்பாதீர்கள். ஒரு தமிழ் எழுத்துக் குறி யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிக்கும். சில மெஷின்களில் கட் முதல் பைட்டை மட்டும் வெட்டிக் கொடுத்துவிடும், திரையில் கேள்விக்குறிதான் வரும். அதனால் படிவங்களுக்கு இப்போதைக்கு ஆங்கில எழுத்து, நூலகப் பட்டியலுக்குத் தமிழ் என்று முடிவு செய்திருக்கிறோம்.

சென்ற மாதம் நொய்டாவிலிருந்து அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டார். கும்பகோணத்தில் இருக்கும் அவருடைய அத்தையின் பெட்டியில் ஒரு ஸ்டுடியோ படம் கிடைத்ததாம். டெல்லிக்கு ரயில் ஏறுவதற்கு முந்தின வாரம் எடுத்தது என்று அத்தை சொன்னாராம். "சங்கத்துலயும் ஒண்ணு இருக்கட்டும் அங்கிள்" என்று அனுப்பி வைத்தார். எஸ் ஃபோல்டரில் சுந்தரம்-கே-1971-0042 என்ற பெயரில் வைத்திருக்கிறேன். இது படிவம் அல்ல, பின்னால் சேர்த்த படம் என்று ஒரு குறிப்பும் பக்கத்தில் உண்டு. வி. சுந்தரம் அதே ஃபோல்டரில் அவருக்கு அடுத்தபடி இருக்கிறார்.

இன்னும் ஐந்து பேர் பாக்கி. அவர்களுடைய பெயரும் சேர்ந்த வருடமும் நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. அவர்கள் குடும்பத்தை அறிந்தவர்கள், 1989க்கு முன் எடுத்த படமோ சங்க ரசீதோ வைத்திருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மேல் நூலக அறைக்கு வந்தால் நான் இருப்பேன். ஸ்கிரிப்ட் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளும் அதே நேரத்தில் வரலாம். பென் டிரைவ் இரண்டு கொண்டு வரவும்.